“அந்த ஊசியாலதானா டாக்டர்?” – தஞ்சாவூரில் ஒரு குழந்தை வளர்ச்சி மையம், ஒன்றரை வருட அனுபவம்

வாரத்தில் இரண்டு நாள், ஆட்டிசம் உள்ள என் மகனைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய்வருகிறேன். மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், ஒரு வீட்டின் மாடியில் அந்த மையம் இருக்கிறது. பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, “ஏற்கெனவே இடம் இல்லாம நிறையப் பேரைக் காக்க வச்சிருக்கோம், பேரு போட்டா இன்னும் வருவாங்க, திருப்பி அனுப்ப மனசு வராது” என்றார்கள். அதனால் போடவில்லை. இப்படி ஓர் இடத்தைத் தேடுகிறவர்கள் எதைப் பார்த்துத் தேடலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அம்மாபேட்டைக்குப் பக்கம். கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதுகிறேன். கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) என்றார்கள். மாத்திரை, ஸ்கேன், திரும்ப மாத்திரை என்று போய், ஒருவழியாக 2018 கடைசியில் கரு நின்றது. மூன்றாவது மாதத்தில் லேசாக உதிரம் பட்டது. கர்ப்பம் தங்குவதற்காக வாரம் ஓர் ஊசி, இடுப்பில். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஊசி. எண்ணெய் ஊசி என்பதால் போட்ட இடம் இரண்டு நாள் கட்டியாக நிற்கும், பஸ்ஸில் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். எட்டு ஊசி போட்டுக்கொண்டேன். 2019 ஆடி மாதம் பையன் பிறந்தான்.

இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லை. “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்றார் அத்தை. “கொரோனாவுல யாரையும் பாக்காம வளந்த புள்ள, அப்படித்தான்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். குண்டான் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது சுற்றி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். அடங்கியதும் திரும்பச் சுழற்றுவான். ஒரு மத்தியானம் முழுக்க அதையே செய்வான்.

மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. அதற்கு அடுத்த வாரமே நாத்தனார் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். நீர்க்கட்டி இருந்த அம்மாக்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டிசம் 59 சதவீதம் அதிகம், கருவில் ஹார்மோன் கூடினால் இப்படி ஆகும், கர்ப்பத்தில் ஹார்மோன் ஊசி போட்டவர்கள் உஷார் என்று அதில் ஒருவர் பேசினார். நாத்தனார் அதைக் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. “அண்ணி, நீங்க அந்த ஊசி போட்டீங்கல்ல?” என்று மட்டும் கீழே கேட்டிருந்தார். அன்றிலிருந்து என் பிரசவ ஃபைலை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். ஒருவருக்கும் காட்டவில்லை. அந்த ஊசிக்கு ஒத்துக்கொண்டது நான்தான், என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன் என்று ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

இந்த மையத்துக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் ஓர் இடத்துக்குப் போனோம். அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. அங்கே என் மகனோடு ஐந்து நிமிடம்கூட யாரும் விளையாடவில்லை. அவன் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்து அச்செடுத்தார்கள். ஸ்கேல் வைத்து அளந்தார்கள். “மோதிர விரல் ஆள்காட்டி விரலைவிட நீளமா இருக்கு பாருங்க, கருவுலயே ஆண் ஹார்மோன் கூடிப்போச்சு, இதைச் சரி பண்ணணும்” என்று ஆறு மாதத்துக்குப் பொடியும் சொட்டு மருந்துமாக 18,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் எழுதிக் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்து முதல் மாதப் பணத்தைக் கட்டினேன். பையனுக்கு வயிற்றுப்போக்குதான் வந்தது. நிறுத்திவிட்டோம்.

சரி, இந்த மையத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் எங்களை மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை. ஒரு பாய் விரித்த அறை. ஒரு பெட்டியில் மொச்சை, இன்னொன்றில் மணல், சுவரோரம் பொம்மைகள். அங்கே வேலை செய்பவர்களை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு மிஸ் சாவி கொடுத்தால் குதிக்கும் தவளைப் பொம்மை ஒன்றைத் தரையில் விட்டார். தவளை நாலு குதி குதித்து நின்றது. மிஸ் அதைத் தொடவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. என் மகன் தவளையையே பார்த்தான். அப்புறம் மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் விரலைக் கொண்டுபோய்ச் சாவியின்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் கை ஏதோ ஒரு ஸ்பானர் போல. வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றாலும் என் கையை இப்படித்தான் குழாயடிக்கு இழுத்துப் போவான். “விவரமான புள்ள” என்று நான் பெருமையாக நினைத்திருந்த ஒன்று அது. மிஸ் சாவியைப் பிடித்தபடி அப்படியே காத்திருந்தார். நான் மனதுக்குள் எண்ணினேன், எட்டு, ஒன்பது, பத்து. பையன் ஒரு கணம் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியே சாவியைத் திருப்பினார். “பாத்தீங்களாம்மா, இதுதான் நாம செய்யப்போற வேலை” என்றார். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த இடத்துக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பார்த்தார்கள். அரசுச் சான்றிதழுக்குப் பயன்படுத்துகிற இந்திய ஆட்டிச அளவுகோலின்படி மதிப்பெண் போட்டார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்கு மேல் வந்தால் ஆட்டிசம், 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கும் மேல் தீவிரம். என் மகனுக்கு 98. அறிக்கையைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை முழுக்கப் படித்தார். அதுவரை எந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் வாரம் இரண்டு முறை திருச்சியிலிருந்து வருகிறார். அறிக்கையைப் பேசி முடித்துவிட்டு, “வேற ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார். எல்லா டாக்டரும் கேட்பதுதான். ஆனால் இவர் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கீழே வைத்தார். அதில்தான் எனக்குத் தைரியம் வந்தது. கட்டைப் பையிலிருந்து ஃபைலை எடுத்து நீட்டினேன். “அந்த ஊசியாலதானா டாக்டர்?” என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, விடுங்க” என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வெளியே ஆள் காத்திருக்க, எனக்காக முக்கால் மணி நேரம் செலவழித்தார். அன்று அவர் சொன்னதை அப்புறம் இரண்டு மூன்று தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன். என்னைப் போல ஃபைலை ஒளித்து வைத்திருக்கிற அம்மாக்களுக்காக அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பேச்சு வெறும் புரளி அல்ல, ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்றார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹன் என்ற பேராசிரியரின் குழு, பனிக்குட நீரில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அம்மாக்களிடம் கேள்வித்தாள் கொடுத்தது. 2009-இல் வந்த ஆய்வில் 235 பிள்ளைகள். டெஸ்டோஸ்டிரோன் கூடக்கூட, ஆட்டிச குணங்களுக்கான மதிப்பெண்ணும் கூடியது. “இங்க ஒண்ணைக் கவனிக்கணும். அந்தப் பிள்ளைங்க சாதாரணமா வளர்ந்த பிள்ளைங்க. ஒரே விஷயத்துல மூழ்கிப் போறது, கும்பல்ல ஒட்டாம இருக்கிறது, இப்படிப்பட்ட குணம் எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். குணம் கூடக்குறைய இருக்கிறது வேற, ஆட்டிசம்னு சொல்றது வேற.”

அப்புறம் டென்மார்க். அங்கே பனிக்குட நீரைப் பல வருடங்களாக உறைய வைத்துச் சேமித்திருக்கிறார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று தெரிந்த 128 பையன்களின் மாதிரிகளை எடுத்து மற்றப் பையன்களுடையதோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் மட்டுமல்ல, புரோஜெஸ்டிரோன், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களையும் சேர்த்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள பையன்களுக்குச் சராசரி கூடுதலாக இருந்தது. புரோஜெஸ்டிரோன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“சராசரிம்மா. உங்க ஊர்ல ரெண்டு வயல். ஒண்ணுல மா நிலத்துக்கு ஒரு மூட்டை கூட விளைஞ்சிருக்கு. ஆனா ஒரே ஒரு கதிரை ஒடிச்சுக் கையில குடுத்து, இது எந்த வயல்னு கேட்டா சொல்லுவீங்களா? அதனாலதான் இதை வச்சு ஒரு பிள்ளைக்குச் சோதனை பண்ண முடியாது. அந்த நீருல இருந்தது பிள்ளையோட உடம்பு தானா சுரக்கிறது. ஆண் குழந்தைன்னா எட்டாவது வாரத்துலேருந்து அதோட விந்தகமே டெஸ்டோஸ்டிரோன் சுரக்க ஆரம்பிச்சிடும். நஞ்சுக்கொடியும் புரோஜெஸ்டிரோனைத் தானே நிறையத் தயாரிக்கும். உங்களுக்கு ஊசி போட்டது அது போதாம போயிடக்கூடாதுன்னு. இந்த ஆய்வு எதுவும் ஊசி போட்ட அம்மாக்களைப் பத்தினது இல்ல. இதைக் காட்டி உங்க ஊசிதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது.”

இதற்கு நேர்மாறான ஆய்வும் இருக்கிறது என்று அவரே எடுத்துச் சொன்னார். பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பிக் கோளாறு உள்ள பெண் குழந்தைகள் கருவிலேயே ஆண் ஹார்மோனை மிக அதிகமாகச் சந்திக்கிறார்கள். ஹார்மோன்தான் நேரடிக் காரணம் என்றால் அவர்களிடம் இந்தக் குணங்கள் தூக்கலாகத் தெரிய வேண்டும். அதே கேம்பிரிட்ஜில் மெலிசா ஹைன்ஸ் என்பவரின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படித் தெரியவில்லை. பனிக்குட நீர் டெஸ்டோஸ்டிரோனையும் அவர்கள் பார்த்தார்கள், அதிலும் தொடர்பு கிடைக்கவில்லை. “ஒரே ஊர்ல ரெண்டு குழு, ரெண்டு முடிவு. விஷயம் இன்னும் அந்த நிலையிலதான் இருக்கு” என்றார்.

அப்புறம்தான் அந்த 59. அந்த எண்ணை நான் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டார். “நீர்க்கட்டி உள்ள நூறு பேருக்குப் பிள்ளை பிறந்தா 59 பிள்ளைக்கு வரும்” என்றேன். அவர் எழுந்துபோய் மொச்சைப் பெட்டியை எடுத்துவந்தார். இரண்டு டப்பா மூடிகளை மேசையில் வைத்தார். ஒன்றில் 17 மொச்சை எண்ணிப் போட்டார். இன்னொன்றில் 23.

“59 சதவீதம்ங்கிறது 2016-ல ஸ்வீடன்ல வந்த பெரிய ஆய்வு. எண்ணு சரிதான், அர்த்தம்தான் வேற. இருக்கிறது எவ்வளவோ அதுலேருந்து அவ்வளவு பங்கு கூடுதுன்னு அர்த்தம். எண்ணிப் பாத்தாத்தான் விளங்கும். இந்த மொச்சை வேற ஒரு ஆய்வு, 2018-ல இங்கிலாந்துல வந்த கணக்கு. நீர்க்கட்டி இல்லாத ஆயிரம் அம்மாவுல 17 பேருக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளை. நீர்க்கட்டி உள்ள ஆயிரம் அம்மாவுல 23 பேர். மீதி 977 பேருக்கு இல்ல.”

நாள் முழுக்க வட்டி போடுகிற வேலை எனக்கு. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி மூன்று ரூபாய் ஆனால் அதை 50 சதவீத உயர்வு என்றும் எழுதலாம், ஆனால் கட்டப்போவது மூன்று ரூபாய்தான் என்று விவசாயிகளுக்கு நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளை விஷயத்தில் அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. பயம் வந்துவிட்டால் படித்தது எதுவும் கைகொடுப்பதில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பையன் வந்து 23 மொச்சையையும் எடுத்து மேசை விளிம்பில் வரிசையாக அடுக்கினான், ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகாமல். டாக்டரம்மா தடுக்கவில்லை. அவன் முடிக்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

விரல் நீள விஷயத்தையும் கேட்டேன். அது ஆயிரக்கணக்கானவர்களை வைத்து ஆராய்ச்சியில் பார்க்கிற ஒரு சுற்று வழி அளவு, ஒரு குழந்தையைப் பற்றி அதில் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். “உங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க” என்றார். வீட்டுக்காரர் கையை நீட்டினார். மோதிர விரல்தான் நீளம். வீட்டுக்கு வந்து தம்பி, மாமனார், பால்காரர் என்று எல்லார் கையையும் பார்த்துவிட்டேன். ஆண்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் இருக்கிறது. 18,000 ரூபாய்.

கடைசியாக, ஆட்டிசத்தில் பெரும்பங்கு பரம்பரையில் வருவது என்றார். ஐந்து நாடுகளில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், ஒருவருக்கு ஆட்டிசம் வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கண்டிருக்கிறார்கள். “உங்க ரெண்டு குடும்பத்துலயும் யாராவது கொஞ்சம் தனி மாதிரி உண்டா?” என்றார். நானும் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவருடைய சித்தப்பா நாற்பது வருடமாக மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் நோட்டில் எழுதுகிறவர். 120 அடி தொட்ட நாட்களைச் சிவப்பு மையில் எழுதுவார். எந்த வருடம் ஜூன் 12-இல் அணை திறந்தார்கள், எந்த வருடம் தள்ளிப்போனது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கல்யாண வீட்டுக்கு வந்தால் பந்தலுக்கு வெளியேதான் நிற்பார். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டார். நாங்கள் யாரும் அதை ஒரு குறையாக நினைத்ததே கிடையாது.

அந்தக் காலத்தில், அன்பு காட்டாத அம்மாக்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று படித்த டாக்டர்களே எழுதினார்களாம். பல வருடம் அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்திருக்கிறார்கள். “முதல்ல மனசு, அப்புறம் தடுப்பூசி, இப்ப ஹார்மோன். ஒவ்வொரு தடவையும் பழி அம்மா மேலதான் வந்து நிக்குது” என்றார் டாக்டரம்மா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

இனி பயிற்சி எப்படி என்று சொல்கிறேன். ஒரு வகுப்பு 45 நிமிடம், 400 ரூபாய். அம்மாவோ அப்பாவோ கட்டாயம் உள்ளே உட்கார வேண்டும்; கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார வைக்கிற பழக்கம் இங்கே இல்லை. வீட்டில் செய்வதற்கு ஒவ்வொரு வாரமும் மூன்றே மூன்று வேலைதான் கொடுப்பார்கள், அதுவும் வீட்டில் இருக்கிற பொருளை வைத்து. குண்டான் மூடியைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள், நீங்களும் ஒரு மூடியை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சுழற்றுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் அவன் தன் மூடியை விட்டுவிட்டு என் மூடியைப் பார்த்தான். ஒரு மாதத்தில், நான் சுழற்றாமல் வைத்திருந்தால் என் முகத்தைப் பார்த்தான். ஏழாவது மாதம் “சுத்து” என்றான். அவன் வாயிலிருந்து எனக்காக வந்த முதல் சொல் அது. இப்போது முப்பது, நாற்பது சொற்கள் இருக்கும். குணமாக்கிவிடுவோம் என்று இவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற இடமாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எந்த நாளில் எந்த அறைக்குப் போக வேண்டும், என்னென்ன நகல் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு பற்றி இவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காசு கட்ட முடியாதவர்களை அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அங்கே இலவசம். தங்கள் இடத்துக்குத்தான் வரவேண்டும் என்று பிடித்து வைப்பதில்லை.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். நடக்கச் சிரமப்படும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஒரே ஒரு கழிப்பறை. போன் செய்தால் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை எடுக்க மாட்டார்கள். நடுவில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மிஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் ஃபைலைப் படிக்காமல் ஆரம்பத்திலிருந்து தொடங்க, மூன்று வாரம் வீணானது. பையன் அந்த மூன்று வாரமும் அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். சொன்ன பிறகு சரிசெய்தார்கள், ஆனால் நான் சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. மழையில் பஸ் வராமல் போன நாளுக்கும் பணம் பிடித்தார்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். இதை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். காலை பத்து மணி வகுப்பு வேண்டாம், கீழ் வீட்டில் அப்போது குக்கர் வைக்கிறார்கள். விசில் சத்தத்துக்கு என் மகன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். பதினொன்றரைக்குக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, பிரசவ ஃபைலை முழுசாக எடுத்துப் போங்கள், ஊசிச் சீட்டு, ரத்தச் சோதனைத் தாள் எதையும் விடாமல். டாக்டரம்மா என்னுடையதை ஒவ்வொரு தாளாகப் படித்தார். தேதிவாரியாக அடுக்கி, ஓரம் கிழிந்ததற்கு டேப் ஒட்டி, பின் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். இப்போது அது பீரோவில், அவன் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது.